செப்டம்பரில் வெளிநாடு படிக்கப் போகிறவர்களுக்கு: ஆனி மாதப் பண ஆலோசனை

ஆனி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கம் சில வீடுகளில் பணத்துக்கான ஓட்டமும் தொடங்கிவிடும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் சித்திரையிலேயே வந்திருக்கும். ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்திருப்பார்கள். பணத்தைப் பற்றி இப்போதுதான் நினைப்பார்கள். போன வருஷம் இந்த அவசரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தையில் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தையில் வந்தால் என்னால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கல்விக்கடன் மேசையில் இருப்பவனாக, ஆனியிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வழக்கமான வேலைகள். பாஸ்போர்ட், பான், ஆதார் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே திருத்த மனு. கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் வருமானச் சான்று. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். வெளிநாட்டுப் படிப்பென்றால் மொத்தச் செலவில் பொதுவாக 15 சதவீதம் உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள். பல வங்கிகள் பெரிய பல்கலைக்கழகங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன; அதில் உங்கள் இடம் இருந்தால் ஈடு இல்லாமலும் கிடைக்கலாம். கேட்டுப் பாருங்கள், வெட்கம் வேண்டாம்.

ஈடு விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. எலுமிச்சைத் தோப்பின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள். கடன் திரும்பி வராமல் போனால் ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் கல்விக்கடனுக்கு விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. தோப்பின் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் இதுதான் நிலை. வீடு, அங்கீகரித்த மனை, வைப்புநிதி, எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் கொண்டுவாருங்கள். வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். நாளைக்கே நடக்கத் தொடங்குங்கள். வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீடு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இடத்தில்தான் நாள் ஓடும். நாள் ஓடிவிட்டால் அந்த ஆள் வீட்டு வாசலுக்கு வருவான்.

அவன் சொல்வது இதுதான்: "விசாவுக்குப் பேலன்ஸ் காட்டணும், அவ்வளவுதான அண்ணாச்சி? இருபது லட்சத்த ஒங்க கணக்குல போடுதேன். ஒரு மாசம் கெடக்கட்டும். விசா வந்ததும் எடுத்துக்கிடுதேன். கமிஷன் மட்டும் குடுங்க." கைக்குப் பாதுகாப்பென்று எழுதாத செக் நாலு, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, தோப்புக்கு ஒரு பவர் கேட்பான்.

வேண்டாம். பேலன்ஸ் காட்ட வட்டிக்குப் பணம் வாங்காதீர்கள். கமிஷனுக்கும் வாங்காதீர்கள். மச்சானுக்குத் தெரிந்தவர் என்றாலும் வாங்காதீர்கள்.

ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன். விசாவுக்கு அவர்கள் கேட்கும் தொகை சும்மா ஒப்புக்குக் கேட்பதில்லை. பிள்ளை அங்கே ஒரு வருஷம் சாப்பிட்டு, வாடகை கொடுத்து இருக்க ஆகும் செலவு அது. ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ கேட்கிறது. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் பிள்ளையின் கைக்கு வரும். வாடகை முன்பணமாக மூன்று மாத வாடகை வரை வீட்டுக்காரர் கேட்கலாம், அது தனி. பிரிட்டனுக்குப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். மருத்துவக் கட்டணமாக வருஷத்துக்கு 776 பவுண்டு வேறு கட்ட வேண்டும். காட்டிய பணத்தை விசா வந்த மறுநாள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அக்டோபர் வாடகைக்கு என்ன செய்வீர்கள்? ஜெர்மனி முடக்கக் கணக்கில் போட்டதை அவனால் மொத்தமாக எடுக்க முடியாது. அதனால் பிள்ளைக்கு மாதாமாதம் வருவதை அவனே வாங்கிக்கொள்வான். பிள்ளை குளிரில் பட்டினி கிடக்கும்.

"அங்கன போயி வேல பாத்து அடைச்சிருவான் சார்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! படிப்பு நடக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. கனடாவில் 24 மணி. அமெரிக்காவில் பெரும்பாலும் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும், அதுவும் 20 மணி. அந்தச் சம்பளத்தில் மளிகைச் செலவு ஓடலாம், அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாது. மீறி வேலை பார்த்தால் விசாவே போய்விடும். அப்பாவின் கடனை நினைத்து மீறுகிற பிள்ளைதான் மாட்டுகிறது. திமிரில் மீறுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

சில ஏஜெண்டுகள் பணமே போடாமல் வங்கித் தாளையே தயார் செய்துவிடுகிறார்கள். அது பிடிபட்டால் கனடா ஐந்து வருஷம் உள்ளே விடாது. பிரிட்டன் பத்து வருஷம் வரை விடாது. தடை வருவது உங்கள் பிள்ளைக்குத்தான், ஏஜெண்டுக்கு அல்ல.

இவ்வளவு ஆபத்தும் தேவையே இல்லை என்பதுதான் என் கோபம். அங்கீகாரம் பெற்ற வங்கியின் கல்விக்கடன் அனுமதிக் கடிதத்தையே பல நாடுகள் பணச் சான்றாக ஏற்கின்றன. கடன் உண்மையானது, பணம் வருஷம் முழுக்க வரும், வட்டி எவ்வளவு என்று தாளில் இருக்கும். தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தொடங்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டினால் சில வங்கிகளில் ஒரு சதவீதம் குறைப்பார்கள். ஆனால் அந்த வட்டியைக் கோடையில் எலுமிச்சை விற்ற விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மழைக்காலத்து விலையை வைத்துப் போடுங்கள்.

உதவித்தொகை பக்கமும் பாருங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டுக்கு இப்போதே தயாராகுங்கள். அம்பேத்கரே 1913-இல் பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டில்தான் கொலம்பியா போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருக்கும்போது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். மறுபடி போக 1920 வரை சேமிக்கவும் கடன் வாங்கவும் வேண்டியிருந்தது. பாதியில் பணம் நின்றால் அவருக்கே அந்தப் பாடு.

பணம் அனுப்பும்போது: கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். ஏஜெண்டின் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் டி.சி.எஸ். என்ற வரிப்பிடித்தம் கிடையாது, சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளை கையில் இரண்டு மாதச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு, கொஞ்சம் ரொக்கம்.

ஆடிப்பெருக்குக்குள் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரவில்லையா? பல்கலைக்கழகத்துக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் தள்ளிப் போவது கௌரவக் குறைச்சல் அல்ல. அந்த ஆளைக் கூப்பிடுவதற்கு அது காரணமும் அல்ல. மறுபடி சொல்கிறேன்: பேலன்ஸ் காட்டப் பணம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே செக்கிலும் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். கொடுத்த செக் எண்களைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பவர் எழுதியிருந்தால் ரத்து செய்ய என்ன வழி என்று அங்கேயே கேளுங்கள். மிரட்டினாலோ அநியாய வட்டி கேட்டாலோ 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் எழுதிக் கொடுங்கள். விசா விண்ணப்பம் இன்னும் போடவில்லை என்றால் அந்தப் பணத்தைக் காட்டிப் போடாதீர்கள். முதலில் உங்கள் வங்கிக் கிளைக்கு வாருங்கள், காலை பத்து மணிக்கே வாருங்கள்.