இவரிடம் இனிப் போகவேண்டாம் என்று எப்போது முடிவெடுப்பது?

எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் உளவளத்துணைக்குப் போவதே பெரிய விசயம். ‘விசருக்கு மருந்தெடுக்கிறா’ என்ற கதை ஒழுங்கை முழுக்கப் போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அதையும் தாண்டிப் போய் இருந்தபிறகு, ‘இந்த ஆள் எனக்குச் சரிவரேல்லை’ என்று சொல்ல அதைவிடத் துணிவு வேண்டும். போகச்சொல்லி ஊக்கப்படுத்தப் பலர் இருக்கிறார்கள். நிறுத்துவதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த காலம். அண்ணா கனடாவில், தம்பி லண்டனில். காசு தவறாமல் வந்தது. காசோடு கட்டளைகளும் வந்தன: இந்த டொக்டரிட்டக் காட்டு, அந்த மருந்தை நிப்பாட்டு, ஏன் இன்னும் நடக்கேல்லை. இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க நான் ஒருத்திதான். நித்திரை போனது. ரெலிபோன் மணி கேட்டாலே நெஞ்சு இடித்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. வைத்தியர்தான் உளவளத்துணைக்குப் போகச் சொன்னார். அப்படித்தான் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் போகத் தொடங்கினேன்.

அவர் படித்தவர், அமைதியானவர், நேரந்தவறாதவர். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அது 1995இல் போய் நின்றது. அந்த ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் சிறுபிள்ளையாக நானும் நடந்தேன். அது எனக்குள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், “அண்ணா எடுக்கிறார் எண்டாலே நெஞ்சு இடிக்குது” என்று நான் சொன்னபோது, “அந்தச் செல் சத்தம் இன்னும் உங்களுக்குள்ள கிடக்குது” என்று அவர் பதில் சொன்னார். அண்ணாவின் பெயரை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் உளவளத்துணை வளர்ந்ததே போருக்குள்தான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் குண்டுகளுக்கு நடுவே இருந்து இந்த மக்களின் மனக்காயங்களைப் பதிவுசெய்தார்கள். ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற அவரது ஆங்கில நூல் 1998இல் வந்தது. ‘சாந்திகம்’ போன்ற அமைப்புகள் எவ்வளவோ பேருக்குப் பயிற்சி கொடுத்தன. 2004 சுனாமிக்குப் பிறகும் போர் முடிந்த 2009க்குப் பிறகும் பயிற்சிகள் பெருகின. அந்த உழைப்பு இல்லாவிட்டால் நான் போய் இருப்பதற்கு ஒரு கதிரையே இருந்திராது. அதனால் முன்னால் இருப்பவருக்குள் முதலில் போரைத் தேடுவது இங்கு பலருக்கும் பழகிவிட்டது. ஆனால் இன்று புத்தூரில் மனம் நோகிறவர்களுக்கு நுண்கடன் இருக்கிறது, குடி இருக்கிறது, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போன வெறும் வீடு இருக்கிறது. அவற்றையும் கேட்கக் காது வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதியது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உதவுகிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும் இடையிலான கூட்டில் மூன்று விசயங்கள் இருக்கின்றன என்றார்: எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையில் நம்பிக்கை. இந்தக் கூட்டு பலமாக இருக்கும்போது பலனும் கூடுதலாக இருக்கிறது என்று அதற்குப் பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. எங்களுக்கிடையில் மரியாதை இருந்தது. முதலாவது உடன்பாடே இருக்கவில்லை.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். சந்திப்பு முடிந்து அழுதுகொண்டு வருவது, அடுத்தமுறை போகப் பஞ்சிப்படுவது, அவர்மேல் கோபம் வருவது, இவை மட்டும் நிறுத்தக் காரணமாகா. இப்போது நான் போகிறவர் ஒருநாள், “இதை அண்ணாவிட்ட நேர சொன்னீங்களோ?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கேள்வி சரியான இடத்தில் குத்தியது. ஒரு கிழமை அதையே யோசித்தேன். முன்னையவரிடம் போகும்போது நடந்தது வேறு. நீர்வேலி தாண்டமுன்னமே, இன்று அவருக்குப் பிடித்தமாதிரி எதைச் சொல்லலாம் என்று பஸ்ஸுக்குள் இருந்து தயார்படுத்தத் தொடங்கிவிடுவேன். இடப்பெயர்வில் அவருக்குச் சொல்லாத ஒரு சம்பவத்தைத் தேடுவேன். உதவி கேட்டுப் போகிற ஆள், உதவி செய்கிறவரைத் திருப்திப்படுத்தத் தொடங்கினால் யோசிக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

நிறுத்தமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். “சேர், நான் இப்ப அம்மாவையும் அண்ணாவையும் பற்றித்தான் கதைக்க வாறன். தொண்ணூற்றைஞ்சைப் பிறகு கதைப்பம்” என்று சொன்னேன். நல்ல உளவளத்துணையாளருக்கு இப்படிச் சொல்வது உதவி. அவர் வழியை மாற்றுவார். இவர் அன்று தலையாட்டினார், அடுத்த சந்திப்பில் பழையபடி தொடங்கினார்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. என்னை ஆறுதல்படுத்த நினைத்து, “உங்கட பக்கத்து ஆள் ஒருத்தரும் இதே பிரச்சினையோட வாறவ. மகன் சுவிஸில, தாய் படுக்கையில” என்றார். பெயர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதற்குமேல் பெயர் தேவையில்லை. யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் என் அம்மாவின் கதை இன்னொரு நாள் யாருடைய ஆறுதலுக்காக அந்த அறையில் சொல்லப்படும்? அன்றே முடிவெடுத்துவிட்டேன். இரகசியம் உடைந்த இடத்தில் இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கத் தேவையில்லை.

வேறு சிலவற்றுக்கும் அப்படித்தான். உடலைத் தொடுவது, தனியாக வெளியில் சந்திக்கக் கேட்பது, காசு மாறக் கேட்பது, அடிக்கிற புருசனோடு பொறுத்துப் போகச் சொல்வது, தன் சமயத்துக்கு வந்தால் சுகம்வரும் என்பது, வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தச் சொல்வது. இவற்றில் ஒன்று நடந்தாலும் விளக்கம் சொல்லாமல் எழும்பி வரலாம். தொடுகை போன்றவை நடந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு முறைப்பாடும் செய்யவேண்டும்.

எங்களைத் தடுப்பது பெரும்பாலும் மரியாதைதான். ‘அவர் மனம் நோகும்’, ‘சும்மா செய்யிறதுக்குக் குறை சொல்லலாமோ’ என்று யோசிக்கிறோம். இலவசமாகத் தரப்படுவதென்றாலும் அந்த நேரம் உங்களுக்காக ஒதுக்கப்பட்டது. நான் ஒரு சின்னச் செய்தி அனுப்பினேன்: “சேர், இத்தோட நிற்பாட்டுறன். இவ்வளவு நாளும் நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி.” அம்மாவுக்குக் கடுமை, பஸ் இல்லை என்று சாட்டுச் சொன்னால் அடுத்த கிழமை மீண்டும் அழைப்பு வரும், மீண்டும் சாட்டுத் தேடவேண்டும்.

உளவளத்துணையாளரை மாற்றுவது வேறு, மருந்தை விடுவது வேறு. குளிசை எடுக்கிறவர்கள் கிளினிக் கொப்பியோடு வழமைபோலப் போகவேண்டும். அங்கேயே வேறு ஒருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர்கள் உண்டு, எங்களுக்குக் கோப்பாய். இடைப்பட்ட நாட்களில் தாங்க முடியாவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

புதியவரைத் தேடும்போது எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம் இல்லாத ஒருவராகப் பார்த்தேன். முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேட்டேன்: நான் சொல்வதை எங்கே எழுதிவைப்பீர்கள், யார் பார்ப்பார்கள்? எனக்குச் சரிவராவிட்டால் எப்படிச் சொல்வது? வெளியில் கண்டால் என்னோடு கதைப்பீர்களா? அவர் கொப்பியைத் திறந்து, பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் மட்டும் எழுதியிருப்பதைக் காட்டினார். சரிவராவிட்டால் அன்றன்றே சொல்லச் சொன்னார். “கோயிலடியில கண்டா நீங்கள் கதைச்சா நான் கதைப்பன், இல்லாட்டிப் பேசாமப் போவன்” என்றார். பிறகு, “அண்ணாவின்ர பெயர் என்ன?” என்று கேட்டார்.