காக்கை எச்சத்தில் வெள்ளை எது?

கேள்வி: காக்கை, புறா எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன? பறவைகள் சிறுநீரே கழிக்காதா?

பதில்: அந்த வெள்ளைதான் பறவையின் சிறுநீர்! மலமும் அதுவும் ஒரே துவாரம் வழியாக வருவதால் நமக்குத் தனித்துத் தெரிவதில்லை.

புரதம் சிதையும்போது எல்லா விலங்குகளின் உடலிலும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு, தேங்கவிடக் கூடாது. மீன்களுக்குக் கவலையில்லை, சுற்றிலும் தண்ணீர். பெரும்பாலான மீன்கள் செவுள் வழியாகவே அதை வெளியேற்றிவிடுகின்றன. நாமோ கல்லீரலில் அதை நச்சு குறைந்த யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். இந்த வேதிச் சுழற்சியை 1932-இல் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியின் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும்.

பறவை, பல்லி, பாம்பு, பூச்சி ஆகியவை அம்மோனியாவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. அது நீரில் எளிதில் கரையாது. வெள்ளைப் பசையாக வெளியேறும். ஒரு கிராம் நைட்ரஜனை அம்மோனியாவாகக் கழிக்கச் சுமார் 500 மி.லி. நீர் வேண்டும், யூரியாவுக்கு 50, யூரிக் அமிலத்துக்கு 10 போதும். ஆனால், அதைத் தயாரிக்க உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும்.

முட்டைக்குள் இந்த மாற்றம் இன்னும் அவசியம். ஓட்டுக்குள் வளரும் குஞ்சின் கழிவு கரைந்தால் அதையே நஞ்சாகத் தாக்கும். யூரிக் அமிலம் திடப்பொருளாக ஒரு பையில் ஒதுங்கிவிடுவதால் ஆபத்தில்லை.

தவளை இரண்டு வழியும் அறிந்தது. நீரில் வாழும் தலைப்பிரட்டை பெரும்பாலும் அம்மோனியாவைக் கழிக்கும். வளர்ந்து கரையேறியதும் யூரியாவுக்கு மாறிவிடும்.