ஓட்டுக் கூரைக்கு அடிவிரிப்பு

ஓட்டு வீட்டில் விதைநெல் சேமிப்போர் ஐப்பசி மழைக்கு முன் கூரையைக் கவனித்தல் நலம். காற்றோடு வீசும் சாரல் ஓட்டு இடுக்கில் புகுந்து மூட்டையை நனைக்கும். ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டினால் முளைப்புத்திறன் விரைவில் குறையும்.

ஓடு மாற்றும்போது, கைமரங்களின் மேல் பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் ரீப்பர் அடிக்கலாம். மெல்லிய வெள்ளைத் தாள் ஆணியடியில் கிழியும். வெயில் பட்டால் நொறுங்கும். நெய்த கருப்பு விரிப்பே ஏற்றது. இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி விரிக்க வேண்டும். மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மீது 15 செ.மீ. படிய வேண்டும். மாற்றிப் போட்டால் நீர் உள்ளே இறங்கும். கைமரங்களுக்கிடையே சற்றுத் தொய்வு விட்டால் நீர் ரீப்பரில் தேங்காது வடியும். முகட்டில் காற்றுப்போக இடைவெளி விடாவிட்டால் விரிப்பின் அடியில் வியர்த்துச் சொட்டும். விறகடுப்புக்கு மேல் பாலித்தீன் கூடாது, தீப்பிடிக்கும்.