வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்

நுழையும்முன்

பிற மாநிலத்தில் வாழும்போதும், நாள்தோறும் காணும் கட்டடங்களையும் கலைகளையும் தாய்மொழியில் எடுத்துரைக்கப் பழகுதல் வேண்டும். மைசூரு நகரின் பேராலயம் ஒன்றில் ஒளிரும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றியும், அத்தகைய சாளரங்கள் உருவாகும் முறையைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

மைசூரின் பேராலயம்

மைசூரு அசோகா சாலையில் புனித பிலோமினா பேராலயம் அமைந்துள்ளது. அதன் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரமுடையவை. 1843ஆம் ஆண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் அங்குச் சிறிய தேவாலயம் ஒன்று எழுந்தது. வழிபடுவோர் பெருகவே, பெரிய ஆலயம் தேவைப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டினார். டாலி என்னும் பிரெஞ்சுக்காரர் இதனை வடிவமைத்தார். ஜெர்மனியின் கொலோன் பேராலயம் இதற்கு முன்மாதிரியாக விளங்கியது.

இதன் சாளரங்களுக்குரிய வண்ணக் கண்ணாடிகள் பிரான்சு நாட்டிலிருந்து வந்தவை. இயேசுவின் பிறப்பு, இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல் முதலிய நிகழ்ச்சிகள் அவற்றில் தீட்டப்பட்டுள்ளன. படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த காலத்தில், ஐரோப்பிய மக்களுக்கு இத்தகைய சாளரங்களே கதை நூல்களாகப் பயன்பட்டன.

சுவர் விலகியது, ஒளி நுழைந்தது

பழங்காலக் கட்டடங்களில் கூரையின் முழுச் சுமையையும் சுவர்களே தாங்கின. எனவே சுவர்கள் தடித்தும் சாளரங்கள் குறுகியும் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கோதிக் கட்டடக்கலை தோன்றியது. அதன் கூர்முனை வளைவுகள் சுமையைத் தூண்களுக்கும் வெளிப்புறத் தாங்குசுவர்களுக்கும் பகிர்ந்தளித்தன. சுமை குறைந்த சுவரில் உயர்ந்த சாளரங்களைத் திறக்க முடிந்தது. அத்திறப்புகளில் வண்ணக் கண்ணாடி இடம்பெற்றது.

தஞ்சாவூர் ஓவியத்தின் பொன்தகடும் கற்களும் முன்புறம் விழும் ஒளியால் மின்னுகின்றன. வண்ணச் சாளரமோ பின்புறமிருந்து ஊடுருவி வரும் ஒளியால் மின்னுகிறது. ஆகவே பகற்பொழுதில் வெளியே நின்று நோக்குவோருக்கு அது கருமையாகவே தோன்றும். உள்ளே சென்று நோக்கினால்தான் ஓவியம் புலப்படும். இரவில் உள்ளே விளக்கெரியும்போது நிலைமை மாறும்; வெளியே நிற்போர்க்கு ஓவியம் தெரியும்.

வண்ணம் பிறக்கும் விதம்

கண்ணாடியின் முதன்மைப் பொருள் மணல். மணலை மட்டும் உருக்குவதற்கு ஏறத்தாழ 1700 பாகை செல்சியசு வெப்பம் தேவை. சோடா உப்பைச் சேர்த்தால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுண்ணாம்பைச் சேர்த்தால் கண்ணாடி நீரில் கரையாத உறுதி பெறும். இக்குழம்பில் மிகச் சிறிதளவு உலோகப் பொருள்களைக் கலக்கும்போது நிறம் தோன்றுகிறது. கோபால்ட் நீலத்தையும், இரும்பு பச்சையையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். செம்பு, சூளையின் தன்மைக்கேற்பப் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும். தங்கத்தைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் கிடைப்பதில்லை. மாணிக்கச் சிவப்பே கிடைக்கிறது! இந்நிறங்கள் கண்ணாடியின் உள்ளேயே கலந்திருப்பதால் வெயிலில் எளிதில் மங்குவதில்லை.

பல துண்டுகள், ஓர் ஓவியம்

முதலில் ஓவியர், சாளரத்தின் முழு அளவிலேயே தாளில் படம் வரைவார். எந்தத் துண்டு எந்த நிறம், ஈயக்கோடு எவ்வழியே செல்லும் என்பவற்றை அதில் குறிப்பார். பின்னர்த் துண்டுகளுக்குரிய தாள் அச்சுகளை வெட்டுவார்கள். அதற்குரிய தனிவகைக் கத்தரிக்கோல், இரு துண்டுகளுக்கு இடையில் மெல்லிய தாளிழை ஒன்றை வெட்டி நீக்கும். அந்த இடைவெளி ஈயத்திற்கு உரியது. அதனை விடாமல் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் சிறிது பெரிதாகும். முடிவில் ஓவியம் முழுவதும் கற்சட்டத்துள் அடங்காமல் போகும்.

அச்சை வைத்துக் கண்ணாடியை வெட்டிய பின், முகம், கைவிரல், ஆடைமடிப்பு ஆகியவற்றைத் தூரிகையால் தீட்டுவர். கண்ணாடித்தூளும் உலோகத்தூளும் கலந்த கரிய மையே அதற்குப் பயன்படும். தீட்டிய துண்டுகளைச் சூளையில் ஏறத்தாழ 650 பாகை வெப்பத்தில் சுடும்போது, அம்மை கண்ணாடியோடு ஒன்றிவிடும். வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் பொன்மஞ்சள் நிறம் உண்டாகும். புனிதர்களின் தலையைச் சுற்றிய ஒளிவட்டமும் தலைமுடியும் பெரும்பாலும் இவ்வாறு அமைந்தவையே.

அடுத்து, இருபுறமும் பள்ளம் உடைய ஈயப்பட்டைகளில் துண்டுகளைச் செருகி இணைப்பர். பட்டைகள் கூடும் மூலைகளில் பற்றாசு வைப்பர். பொற்கொல்லர் நகையில் செய்வது போன்ற வேலை இது. சுண்ணப்பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த மக்கினை இடுக்குகளில் திணித்து, மழைநீர் புகாமல் அடைப்பர். ஈயம் நஞ்சு ஆதலால், கைவினைஞர் வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவிய பின்னரே உணவு உண்பர்.

பொருத்துதல்

உயரமான சாளரத்தை ஒரே பலகமாகச் செய்வதில்லை. ஈயம் மென்மையான உலோகம். பெரிய பலகம் தன் எடையாலேயே வளைந்துவிடும். எனவே சிறு சிறு பலகங்களாகச் செய்து, மரப்பெட்டிகளில் நிமிர்த்து வைத்து எடுத்துச் செல்வர். படுக்க வைத்தால் அவை நடுவில் தொய்ந்து உடையக்கூடும். சாரம் கட்டி ஏறி, கீழ்ப்பலகத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கற்சட்டத்தில் நிறுத்துவர். குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளோடு செப்புக்கம்பியால் பலகங்களைப் பிணைப்பர். காற்று வீசும்போது பலகம் அதிராமல் காப்பவை இக்கம்பிகளே.

காக்கும் கடமை

ஈயக்கோடுகள் தூரத்திலிருந்து நோக்குவோருக்கு ஓவியத்தை வெட்டுவனபோல் தோன்றும். உண்மையில், ஓவியம் சிதறாமல் தாங்குபவை அவைதாம். வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும், ஏறத்தாழ நூறாண்டுகளில் ஈயம் தளர்ந்துவிடும், பலகம் புடைக்கும். அப்போது பலகத்தைக் கழற்றி, ஈயக்கோடுகளைத் தாளில் ஒற்றி எடுத்து, பழைய கண்ணாடிகளைப் புதிய ஈயத்தில் மீண்டும் கோக்க வேண்டும். மைசூருப் பேராலயமும் நூறாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இப்பணியை அறிந்த கைகள் இன்று மிகவும் தேவை.

1939ஆம் ஆண்டு போர் மூளும் நிலை வந்தபோது, பிரான்சின் சார்த்ரு பேராலயத்துச் சாளரங்களைக் கழற்றிப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு சென்றனர். போர் முடிந்த பின் அவற்றை மீண்டும் பொருத்தினர். 13ஆம் நூற்றாண்டின் நீலக்கண்ணாடி இன்றும் அங்கு ஒளிர்வதற்கு அம்முயற்சியே காரணம். எறியப்படும் ஒரு சிறு கல் உடைக்கும் துண்டுக்கு ஈடாக, அதே நிறமுடைய பழைய கண்ணாடியைக் கண்டெடுத்தல் அரிது.

மைசூரு அரண்மனையின் கலியாண மண்டபத்திலும் மயில் உருவங்கள் நிறைந்த வண்ணக் கண்ணாடிக் கூரை உள்ளது. கோடை விடுமுறையில் தமிழகம் செல்வோர் சென்னைச் சாந்தோம் பேராலயத்திலும், புதுச்சேரி செல்வோர் அங்குள்ள திரு இருதய பசிலிக்காவிலும் இக்கலையைக் காணலாம். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் காண்பது நன்று. கதிரவன் திசை மாறும்போது, ஒளிரும் சாளரமும் மாறும்.

சொல்லும் பொருளும்

சாளரம் – சன்னல்
பேராலயம் – ஆயரின் தலைமை ஆலயம்
பலகம் – தட்டையான பகுதி
பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும் உலோகக் கலவை
மக்கு – இடுக்குகளை அடைக்கும் பசை
சாரம் – உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் மரப்பரண்

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர் யார்? எப்போது?
2. பகலில் வெளியே நிற்பவருக்குச் சாளர ஓவியம் தெரியாதது ஏன்?
3. தாள் அச்சுகளை வெட்டும்போது இடைவெளி விடுவது எதற்காக?

ஆ. பொருத்துக.
1. கோபால்ட் – மாணிக்கச் சிவப்பு
2. தங்கம் – பொன்மஞ்சள்
3. வெள்ளி உப்பு – நீலம்

இ. பிரித்து எழுதுக.
1. ஈயப்பட்டை
2. செப்புக்கம்பி
3. பொன்மஞ்சள்

ஈ. சிந்தித்து எழுதுக.
உடைந்த சாளரத்திற்குப் புதிய வெண்கண்ணாடி பொருத்தினால் போதும் என்கிறார் ஒருவர். பழைய துண்டுகளையே சேர்த்துச் சீரமைக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். யாருடைய கருத்து ஏற்புடையது? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்திட்டம்
வண்ணக் கண்ணாடித்தாள்களையும் கருநிற அட்டையையும் கொண்டு சிறு சாளரம் ஒன்று செய்க. செய்முறையை வீட்டிலுள்ள பெரியோரிடம் தமிழில் விளக்குக. அவர்கள் கூறும் புதிய சொற்கள் ஐந்தனைக் குறிப்பேட்டில் எழுதுக.