ரங்கா பிஷிமா கேட்கிற விதம்

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

அன்புள்ள மீனா,

உன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் கொலை, சென்னையிலிருந்து வரும் தனியார் துப்பறிவாளர். களம் நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் உன் ஆள் வந்ததும் வராததுமாகப் பிணத்தைப் புரட்டுகிறான், நடிகர்களை வரிசையாக நிற்கவைத்து மிரட்டுகிறான். இதை மாற்றிவிடு. அந்த அதிகாரமெல்லாம் போலீசுக்குத்தான். தனியார் துப்பறிவாளர்களை முறைப்படுத்த 2007-இல் மாநிலங்களவையில் வந்த மசோதாகூடச் சட்டமாகவில்லை. அவன் கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, மனமிருந்தால் பேசுவார்கள். உன் கதைக்குப் பலமே அங்கேதான் இருக்கிறது.

ரிதுபர்ணோ கோஷின் ‘ஷுபோ மஹுரத்’ படத்தை (2003) நீ பார்த்தாயிற்று என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். படப்பூசையை ஒட்டி ஒரு நடிகை இறந்துபோகிறார். துப்புத் துலக்குவது ரங்கா பிஷிமா, வீட்டோடு இருக்கிற ஓர் அத்தை. பத்திரிகைக்காரியான அண்ணன் மகள் வெளியே போய்ச் சேதி கொண்டுவருவாள், அத்தை கேட்டுக்கொண்டிருப்பார். ராக்கிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்த வேடம் அது. அவர் கேட்கிற விதத்தைத் திரும்பவும் கவனித்துப் பார்.

மூலம் அகதா கிறிஸ்டி 1962-இல் எழுதிய நாவல். அதில் ருபெல்லா அம்மை கண்ட ரசிகை ஒருத்தி, படுக்கையை விட்டு எழுந்து போய்த் தன் அபிமான நடிகையைப் பார்த்திருப்பாள். நடிகை அப்போது கர்ப்பிணி. குழந்தை குறையோடு பிறக்கிறது. இது வெறும் கற்பனையும் இல்லை. ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னிக்கு 1943-இல் கர்ப்பகாலத்தில் ருபெல்லா வந்து, பிறந்த மகளுக்குக் காது கேளாமல் போயிற்று. பிறகொருநாள் ஒரு ரசிகை, ருபெல்லாவுக்கான தனிமைப்படுத்தலை மீறி வந்து அவரைச் சந்தித்த கதையைத் தானாகவே அவரிடம் சொன்னாளாம்.

நாவலில் சாகிறவள் அந்தச் சந்திப்பைத் தன் வாழ்நாள் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள். தான் செய்தது என்ன என்றே தெரியாமல் செத்துப்போகிறாள். எனக்குக் கொன்ற அந்த நடிகைமேலும் இரக்கம் வருகிறது, செத்தவள்மேலும் வருகிறது. உன் கதாநாயகியோ நாலாம் பக்கத்திலேயே செத்துவிடுகிறாள். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தலை வாரிவிட்ட பெண், டச்சப் பையன், டீ கொடுத்த புரொடக்‌ஷன் ஆள், இவர்களெல்லாம் அவளை எப்படி அறிந்திருந்தார்கள்? முதலில் அதை எழுது. அவள் யார் என்று தெரியாமல், கொன்றது யார் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று. செட்டில் கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநரை நீ மறந்தேபோய்விட்டாய். கிளாஸ் எந்தக் கையில் இருந்தது, அதில் எவ்வளவு மிச்சம், முந்தானை எந்தப் பக்கம் விழுந்திருந்தது என்று ஷாட்டுக்கு ஷாட் படம் எடுத்துக் குறித்துவைப்பது அந்தப் பிள்ளையின் வேலை. ஷாட் முடிந்தபின் ஒரு கிளாஸ் இடம் மாறியிருந்தால் முதலில் அந்தக் கண்ணுக்குத்தான் படும். உன் துப்பறிவாளன் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து டீ குடிக்கட்டும்.

துர்கா பூஜைக்கு முன்பே கிளம்பி வா. பூஜை நாட்களில் ஸ்டுடியோவில் ஆள் இருக்காது. மெட்ரோவில் மகாநாயக் உத்தம் குமார் நிலையத்தில் இறங்கிப் போகலாம், நானும் கூட வருகிறேன். நாலாம் அத்தியாயத்தை அதற்குள் எழுதிவிடாதே.

அன்புடன்,
அத்தை