அழகு நிலையத்தில் முதலில் பார்க்க வேண்டியது

எமது பிள்ளைகளிற் சிலர் எஸ்தெற்றீசியன் எனப்படும் சருமப் பராமரிப்புத் தொழிலைத் தெரிவுசெய்கிறார்கள். எம்மில் பலர் அவர்களிடம் முகத்தைக் கொடுப்பவர்கள். இரு சாராரும் அறிய வேண்டியது அனுமதிப்பத்திரம் பற்றியே.

அமெரிக்காவில் இதனை மாநில அரசே வழங்குகிறது. கலிபோர்னியாவில் 17 வயது, பத்தாம் வகுப்புக் கல்வி, அங்கீகாரமுள்ள பாடசாலையில் 600 மணித்தியாலப் பயிற்சி, எழுத்துப் பரீட்சை ஆகியன தேவை. செய்முறைப் பரீட்சை 2022இல் நீக்கப்பட்டது. நியூயோர்க்கிலும் 600 மணித்தியாலம், ரெக்சாஸில் 750. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதாயின் அங்குள்ள விதியை முன்கூட்டியே விசாரியுங்கள்.

இந்தப் பயிற்சியில் கிருமிநீக்கம் முக்கிய பாடம். நியூ மெக்சிகோவில் உரிய அனுமதியின்றி இயங்கிய ஒரு நிலையம் 2018இல் மூடப்பட்டது. அங்கு ஊசியால் முகத்துக்கு இரத்தச் சிகிச்சை பெற்ற சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது.

பத்திரம் இருந்தாலும் எல்லை உண்டு. கலிபோர்னியாவில் எஸ்தெற்றீசியன் லேசர் பாவிக்கவோ பொடொக்ஸ் ஊசி ஏற்றவோ முடியாது.

எமது மாநிறத் தோலில் கடுமையான இரசாயனப் பூச்சுகள் புண்ணாக்கினால், ஆறிய இடத்தில் கருமை மாதக்கணக்கில் நிற்கும். பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் குளிசை எடுப்போர் மெழுகால் முடி அகற்றக்கூடாது, தோல் உரிந்துவிடும். நிறமோ அளவோ மாறும் மச்சத்தை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கல்யாணத்துக்கு முன் வீட்டிலேயே ஃபேஷியல் செய்துவிடும் தெரிந்த அக்காவிடமும் பத்திரத்தைக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.