ஸ்பெயினும் சுவீடனும்: பேடல் ஆட்டம் வளர்ந்த விதம்

ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் வேரூன்ற என்ன வேண்டும்? பணமும் இடமும் இருந்தால் போதுமா? பேடல் என்னும் ஆட்டம் ஐரோப்பாவின் இரு நாடுகளில் வளர்ந்த விதத்தை ஒப்பிட்டு, இவ்வினாவுக்கு விடை காண்போம்.

ஆட்டம்

பேடலை டென்னிஸின் தங்கை எனலாம். களத்தின் நீளம் 20 மீட்டர். அகலம் 10 மீட்டர். சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் உண்டு. இருவர் இருவராக நால்வர் ஆடுவர். மட்டையில் நரம்பு கிடையாது, துளைகள் இருக்கும். தரையில் பட்ட பந்து சுவரில் மோதித் திரும்பினாலும் அதனை அடிக்கலாம். எனவே வலிமையைப் போலவே பொறுமையும் துணையுடன் ஒத்துழைப்பதும் இங்கே பலன் தரும். 1969-ல் மெக்சிகோவின் அகபுல்கோ நகரில், என்ரிக்கே கொர்க்குவேரா என்பவர் தம் இல்லத்தில் இதனைத் தொடங்கினார்.

ஸ்பெயின்

அவருடைய நண்பர் இளவரசர் அல்போன்சோ டி ஹோஹென்லோஹே, 1974-ல் இவ்வாட்டத்தை ஸ்பெயினின் மார்பெய்யா நகருக்குக் கொண்டு வந்தார். தொடக்கத்தில் இது செல்வர்களின் பொழுதுபோக்கு. பின்னர் கழகங்களிலும் குடியிருப்பு வளாகங்களிலும் களங்கள் தோன்றின. 1992-ல் முதல் உலகப் போட்டி ஸ்பெயினில் நடந்தது. 2005-ல் தொழில்முறைத் தொடர் ஒன்றும், 2013-ல் 'வேர்ல்டு பேடல் டூர்' என்னும் பெரிய தொடரும் உருவாயின. அதாவது, முதல் களத்திற்கும் பெரிய தொடருக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள்! அதற்குள் பயிற்சியாளர்களும் சிறுவர் சிறுமியர் போட்டிகளும் பெருகிவிட்டன. சரகோசா நகரின் இரட்டைச் சகோதரியரான சான்செஸ் அலயெத்தோ இணையர் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ!

சுவீடன்

சுவீடனில் குளிர்காலம் நீண்டது; ஆகவே ஆட்டம் பெரும்பாலும் கூரையிட்ட அரங்குகளில்தான். 2020-ல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, நால்வர் மட்டுமே ஆடும் பேடலை மக்கள் விரும்பி நாடினர். முதலீட்டாளர்கள் கிடங்குகளையும் பழைய தொழிற்கூடங்களையும் அரங்குகளாக்கினர். கால்பந்து வீரர் சிலாத்தன் இப்ராகிமோவிச்சும் இத்தொழிலில் முதலீடு செய்தவரே. 2021-ல் மால்மோ நகரில் தொழில்முறைப் போட்டியும் நடைபெற்றது.

ஆனால் 2022-ல் நிலைமை மாறியது. ஆடுவோரைவிட அரங்குகள் மிகுந்தன, மின்கட்டணமும் உயர்ந்தது. பல நிறுவனங்கள் நொடித்தன. அரங்குகள் பல மூடப்பட்டன.

நாம் அறிவது

சுவீடனுக்குத் திறமை குறைவா? இல்லை. 1976 முதல் 1980 வரை தொடர்ந்து 5 முறை விம்பிள்டன் வென்ற பியோர்ன் போர்க் பிறந்த நாடு அது. குறைந்தது காலமே. அரங்கை ஓராண்டில் எழுப்பலாம். ஆட்டக்காரரை ஓராண்டில் உருவாக்க இயலாது. 2024 முதல் 'பிரீமியர் பேடல்' தொடரே உலகின் முதன்மைத் தொடராக விளங்குகிறது. அதன் முன்னணி வரிசையில் ஸ்பெயின், அர்ஜென்டீனா நாட்டினரே மிகுதி. எனினும் சுவீடனில் எஞ்சிய அரங்குகளில் இன்றும் மக்கள் ஆடுகின்றனர்; அவர்களின் பிள்ளைகள் நாளை முன்னேறக்கூடும்.

மாணவியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவில் விழித்துப் படிப்பது விரைந்து எழுப்பிய அரங்கு போன்றது. நாள்தோறும் சிறிது படிப்பதோ ஆழ ஊன்றிய வேர். வேரூன்றி வளர்வோம், நிலைத்து நிற்போம்!